ஈரப்பலாச் சின்னம்

அங்கே நாடாளுமன்றம் கலைந்தது வியாழன் பின்னேரம்.
பூர்க்டோர்ஃபில் அப்போது வியாழன் காலை,
நான் சீஸ் பெட்டிகளுக்கு லேபல் அடித்துக்கொண்டிருந்தேன்.
ஓர் உறுப்பினர் இரவோடிரவாகக் கட்சி மாறினாராம்,
ஒரேயொரு வாக்கில் அரசு கவிழ்ந்ததாம்.
ரூவெடி மின்னஞ்சலை உரக்க வாசித்தான்:
பதினெட்டு நாளில் தேர்தல்,
ஐந்து தீவுக்கும் சேர்த்து ஆறாயிரத்து இருநூறு வாக்குச்சீட்டு,
நீர்க்குறித் தாள், வரிசை எண், இரண்டு நிறம்.
நாட்டின் பெயரை மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு
"உலகப்படத்தில் ஈ எச்சம் மாதிரி இருக்கு" என்றான்.
நெடுந்தீவும் அப்படித்தான் இருக்கும்.
நான் சொல்லவில்லை.

இரவு வேலையில்
மூன்றாம் தீவின் தாள் இறங்கியது.
நாலு வேட்பாளர், நாலு சின்னம்.
ஆமை, துடுப்பு, லாந்தர்.
நாலாவதைக் கண்டு ரூவெடி மெஷினை நிறுத்தினான்.
"கைக்குண்டு! இதையெல்லாமா சின்னமாகக் கொடுக்கிறார்கள்?"
ஏர்சா வந்து பார்த்தாள். பிரிஸ்டினாக்காரி.
அவளும் கைக்குண்டு என்றாள்;
அவள் சொன்னால் தெரிந்துதான் சொல்வாள்.

எனக்கும் கைக்குண்டு தெரியும்.
இது ஈரப்பலா.
தோல் சீவி, மெல்லிசாய் அரிந்து, மஞ்சளும் உப்பும் பிரட்டிப் பொரித்தால்
மேசைக்கு வந்துசேராது, சட்டியடியிலேயே முடிந்துபோகும்.
அதற்கு ஜெர்மன் சொல் என்னிடம் இல்லை.
"பாண் காய்க்கிற மரம்" என்றேன்.
இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கறுப்பு மை கூடிவிட்டது, அவ்வளவுதான்.
தோலின் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டி
காம்பு இருந்த இடம் ஆணி மாதிரி நின்றது.
மையைக் குறைத்தேன், இன்னும் கொஞ்சம்.
காம்பு வந்தது, பக்கத்தில் ஓர் இலையும் வந்தது.
நூற்றிப் பதினொரு தாள் கழிவு.

கழிவை எண்ணிக் கையெழுத்து வைத்து
அரைக்கக் கொடுப்பது என் வேலை.

என் பெயர் இருந்த ஒரேயொரு வாக்காளர் பட்டியலில்
நான் போய்ச்சேர முதலே ஒருத்தி வந்து
எனக்காகப் போட்டுவிட்டுப் போயிருந்தாள்.
மை படாத விரலோடு சோதனைச்சாவடி தாண்டித் திரும்பினேன்,
நல்ல வெயில்.
இங்கே பத்தொன்பது வருஷம், சி அட்டை.
ரூவெடிக்கு வருஷத்தில் நாலு தரம் தடித்த உறை வரும்,
பாலத்துக்கு, பென்ஷனுக்கு, மாட்டுக் கொம்புக்குக்கூட வாக்குக் கேட்டு.
பிரிக்காமல் அதன்மேல் கோப்பியை வைப்பான்.

பேனா சட்டைப்பையில் இருந்தது.
தாள் இன்னும் சூடு.
ஏர்சா கதவைப் பார்த்தாள், பிறகு என்னை.
"போடேன். யாருக்கு?"
எனக்கு அந்த நாலு பேரில் ஒருவரையும் தெரியாது.
ஈரப்பலாக்காரன் பெயர் தாமோவே லிப்பா,
கட்சி மாறின ஆளே அவனாயிருக்கலாம்.
ஒன்றும் கீறாமல் நூற்றிப் பதினொன்றையும் அரைக்கக் கொடுத்தேன்.

இல்லை, நூற்றிப் பத்தை.
ஒன்றில் கீறிவிட்டுத்தான் கொடுத்தேன்.
எதற்கென்று சொல்லமாட்டேன்,
இரகசிய வாக்கு.

நாலு கிழமைக்குப் பிறகு ஏர்சா கைபேசியில் காட்டினாள்.
மூன்றாம் தீவில் ஆமைக்கும் ஈரப்பலாவுக்கும்
ஆளுக்கு நானூற்றிப் பதினேழு.
மூன்று தரம் எண்ணியும் அதே கணக்கு.
பிறகு நீதவான் இரண்டு பெயரை எழுதி மடித்து
சோறாக்கும் பானைக்குள் போட,
கண்கட்டிய பையன் ஒருவன் ஒன்றை எடுத்தானாம்.

உத்தரமேரூரில் குடத்துக்குள் ஓலை போட்டார்கள்,
எட்டாம் வகுப்பில் படித்தது;
பரீட்சைக்கு வரவேயில்லை.

"எங்கள் தாளா?" என்று கேட்டான் ரூவெடி.
"பள்ளிக்கூடக் கொப்பித் தாள். கோடு போட்டது."
"நீர்க்குறி?"
"கசங்கியிருந்ததாம்."
அவன் கொஞ்சநேரம் மெஷினைத் துடைத்தான்.
"சரி, எது வந்தது?"
"ஆமை."
"நல்லது, கைக்குண்டு வரவில்லை" என்று சொல்லி
பதினாலாயிரம் சீஸ் லேபலுக்கு
விசையை அழுத்தினான்.