பதினோரு டன்

நாரின் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில்
வேலைவாய்ப்பு அறை என்னுடையது.
ஒரு மேசை, இருமுகிற ஓர் அச்சுப்பொறி,
சரியாக மூடாத ஒரு ஜன்னல்.
பிள்ளைகளின் பயோடேட்டாவைத் திருத்துவது
என் பிழைப்பு.

'அனுபவம்' என்ற கட்டத்தில்
பெரும்பாலும் ஒரு கோடு இழுத்து வருவார்கள்.
குழுவாக இயங்கும் திறன் உண்டென்று
யாரோடும் பேசாத பையன் எழுதியிருப்பான்.
காற்புள்ளியை நகர்த்திவைத்து
நானும் அனுப்பிவிடுவேன்.

சென்ற டிசம்பரில், மைனஸ் இருபத்தெட்டில்,
மின்துறை பெகிமாய்
இரவல் வாங்கிய வெப்பக் கேமராவோடு
விடுதியைச் சுற்றி நடந்தாள்.
பின்னால் குறிப்பேட்டோடு எர்மெக்,
ஏணியோடு சால்தனாத்.
திரையில் கட்டடம்
காய்ச்சல்காரனைப் போலச் சிவந்து கிடந்ததாம்.
ஜன்னல் விளிம்பெல்லாம் மஞ்சள் ஒழுகல்.
படுமோசம் முதல்வர் அறைச் சுவர்தான்.

அதை அறிக்கையில் எப்படிச் சொல்வதென்று
இரண்டு நாள் சண்டை.
"மரியாதையாக எழுது" என்றான் எர்மெக்.
"டிகிரியில் எழுது" என்றாள் இவள்.
டிகிரியில்தான் எழுதினார்கள்.
முதல்வர் படித்துவிட்டு
கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்,
பிறகு கையெழுத்தும் போட்டார்.

கணக்கர் கேட்டார்: மூன்று விலைப்புள்ளி எங்கே?
நுரைப்பட்டை விலை எட்டவில்லை.
சந்தையில் வாங்க ஆளில்லாமல்
மூட்டையாய் நனைந்து கிடந்த ஆட்டுக் கம்பளியை
எடைக்குப் பேரம் பேசியவள் சால்தனாத்.
(அதற்கு முன் அவள் வகுப்பில்
வாயைத் திறந்ததே இல்லை.)
கழுவி, உலர்த்தி, திரித்து,
இருநூற்றுப் பதினான்கு ஜன்னல்களின் இடுக்கில் திணித்தார்கள்.
விடுதி முழுக்க ஒரு வாரம்
ஆட்டு வாடை.

மார்ச்சில் நிலக்கரிக் கொட்டகையை அளந்தபோது
பதினோரு டன் மிச்சம்.

அந்த வருடம் முதல்முறையாக
கோடில்லாத மூன்று பயோடேட்டா
என் மேசைக்கு வந்தன.
பெகிமாயுடையதில் தடித்த எழுத்தில்:
பதினோரு டன்.

அவள் உட்கார்ந்திருக்கும்போதுதான்
குபாத் உள்ளே வந்தான்.
கொதிகலன் அறை ஆள். வயது முப்பத்தாறு.
மூன்று ஷிப்ட் இரண்டாகிவிட்டது,
அந்த மூன்றாவது அவனுடையது.
"மாணவன் இல்லாதவனுக்கும்
எழுதித் தருவீர்களா?"

அனுபவம்?
"பன்னிரண்டு குளிர்காலம்."

பெகிமாய் தன் தாளைக்
கவிழ்த்து வைத்தாள்.

அவன் பார்த்துவிட்டான்.
"பதினொன்றும் கம்பளியால் இல்லை" என்றான்,
குற்றம் சொல்கிற குரலில் அல்ல,
சில்லறை எண்ணுகிற குரலில்.
"இரண்டாம் மாடிப் பையன்கள் வெக்கை தாங்காமல்
ராத்திரி ஜன்னலைத் திறந்துபோடுவார்கள்.
ஜனவரியில் அந்த வரிசை வால்வைப்
பாதியாகத் திருகி வைத்தேன்.
திறப்பது நின்றது.
அதுவே நாலு டன் வரும்."

"ஏன் சொல்லவில்லை?"

"கேமராவோடு எங்கெல்லாமோ போனீர்கள்.
கொதிகலன் அறைக்குள் யாரும் வரவில்லையே."

அச்சுப்பொறி ஒருமுறை இருமியது.
அவள் என் பேனாவை எடுத்து
பதினொன்றை அடித்தாள்,
ஏழு என்று எழுதினாள்.
கொஞ்ச நேரம் அந்த ஏழையே பார்த்தாள்.
பிறகு நாற்காலியை அவன் பக்கம் இழுத்து
"அந்த வால்வுக்கு என்ன பெயர்?
பெயரோடு எழுத வேண்டும்" என்றாள்.

பெகிமாய்க்கு பிஷ்கெக்கில் நேர்முகத் தேர்வு.
குபாத்துக்கு இன்னும் பதில் இல்லை.
நான்கு இடத்துக்கு அனுப்பினேன்,
ஐந்தாவதற்கு உறை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த அறை ஜன்னல்
இருநூற்றுப் பதினான்கில் சேராது.
அலுவலகப் பகுதி அடுத்த ஆண்டுத் திட்டமாம்.
அதுவரை இடுக்கில்
பழைய பயோடேட்டாக்களை மடித்துச் செருகியிருக்கிறேன்.
கோடு இழுத்தவை.
ஓரளவு தாங்குகின்றன.