நாலு இஞ்ச் வளையம்

மதிலுக்கு அப்புறமிருந்து மேபல் விளித்தாள்:
"ஏய் றோஸ்லெட், ஒனக்க குளிமுறி வெள்ளம்
எனக்க சுவரில வேர்க்குது."

நாலு வருசத்தில்
அவள் என்னோடு பேசிய முதல் வாக்கியம்.

பால் வெட்டும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு
குழாயின் பின்னால் போய்க் குந்தினேன்.
சோப்பு நுரை, தலைமுடி, ஒரு மஞ்சள் துணுக்கு.
இணைப்பில் முத்து முத்தாய் ஊறி
மதிலின் அடிக்கல் வழியாக
அவளுடைய பக்கம் போயிருக்கிறது,
அளந்து போட்ட எல்லையைக் கேட்காமல்.

டென்சிங் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றினார்.
"ஊருக்கெல்லாம் ரப்பர் குடுக்கியோம்,
நமக்கு ஒரு சாண் இல்லியா?"
மூன்றாம் நாள் நாய் அதைக் கடித்துப் பிய்த்து
முற்றம் முழுக்கப் பரத்தியது.
பிறகு நான்
மரத்துக்கு மழைப் பாவாடை ஒட்டுகிற தாரை
உருக்கிப் பூசினேன்.
மேலிருந்து வருவதைத் தடுத்துத்தான்
அதற்குப் பழக்கம்.

ஆக, கழற்றினோம்.
பதினாறு வருசத்துக் குழாய்
முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தது.
உள்ளே பள்ளத்தில் கிடந்தது வளையம்.
ஆணியால் நெம்பி எடுத்துக் கழுவினால்
புதிதுபோலத்தான் இருந்தது,
கறுப்பு மினுக்கம்கூட.
இதை எதற்கு மாற்ற?
மறுபுறம் திருப்பி, சோப்பு தடவி, மாட்டி
ஒரு வாளி ஊற்றினேன்.

மேபல் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.
"இப்பமும் தான்."
இரண்டாம் வாக்கியம்.

திரும்ப எடுத்துப் பெருவிரலால் அமுக்கினேன்.
பள்ளம் விழுந்தது.
விழுந்த பள்ளம் அப்படியே கிடந்தது.
முந்நூற்றைம்பது மரத்தின் பாலை
உறையவைத்து, உருட்டிப் பிழிந்து, புகை காட்டுகிறவள் நான்.
எனக்குத் தெரிந்த ரப்பர்
அமுக்கிய விரலை எதிர்த்து வரும்.
இது கிழியவில்லை, வெடிக்கவில்லை,
வைத்த இடத்தில்தான் இருந்தது,
நெரிபட்டு நெரிபட்டு
திரும்பி வருவதை மட்டும் விட்டுவிட்டு.

குலசேகரம் சந்தை முக்கில் கடை.
"மூணா நாலா?" என்றான் பையன்.
பழசை நீட்டினேன்.
"பழசை அளவுக்குக் கொண்டு வராதீங்க அக்கா,
அது படுத்துப்போயிருக்கும். குழாயை அளந்தீங்களா?"
முந்தானையில் முடிந்திருந்த கயிற்றைக் காட்டினேன்.
முப்பத்தைந்து ரூபாய்.
"இது நம்ம மரத்துப் பாலா?"
"சேய், கம்பெனி ரப்பர்.
மரப்பாலுக்கு எண்ணெயும் சோப்பும் ஆகாதுல்லா."

பொன்மனை பஸ்ஸில்
ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மரங்கள்
சிரட்டை ஏந்தி நின்றன.
மடியில் இருந்ததைப் பைக்குள் தள்ளினேன்.

குழாய் நுனியை அரம் போட்டு,
சோப்பு வெள்ளம் தடவி,
கோணாமல் உள்ளே தள்ளி,
வெயிலில் குழாய் நீளும் என்று
ஒரு விரல் அகலம் பின்னுக்கு இழுத்துவிட்டேன்.
அடியில் அடுப்புச் சாம்பல் தூவினேன்.
விடிந்தும் அது சாம்பலாகவே கிடந்தது.

மேபல் வரவில்லை.
சுவர் காய்ந்திருக்கும்.
ஐப்பசி மழை வந்து போனது.
அந்தப் பக்கமிருந்து ஒன்றும் இல்லை.

பழைய வளையத்தை மதில்மேல் வைத்திருந்தேன்,
எறிய மனமில்லாமல் அல்ல, நேரமில்லாமல்.
ஒரு வெள்ளிக்கிழமை அது அங்கே இல்லை.
நாய்தான் என்று நினைத்து
எட்டிப் பார்த்தால்,
மேபலின் கோழிக்கூட்டுக் கதவில்
ஆணிக்கும் கொக்கிக்கும் நடுவே
இழுபட்டு நின்றது.
ரொம்ப இறுக்கமில்லை.
கோழிகள் உள்ளேதான் இருந்தன.

எனக்க வளையம் ஒனக்க கூட்டிலயா
என்று கேட்கலாம்.
கூடு திறக்கிற நேரம் நான் தோட்டத்தில் இருப்பேன்.
அடைக்கிற நேரம்
வீட்டில்தான்.