முன் சக்கரம்

சிக்னல் பொய் சொல்லும்.
கண்ணாடிக்குள் தெரியும் முகமும் சொல்லும்,
என்னைப் பார்த்தபடியே பார்க்காமல் இருக்கும்.
முன் சக்கரத்துக்குப் பொய் வராது.
அது ஒரு விரலகலம் திரும்பினால் போதும்,
என் கை பிரேக்கில் இருக்கும்.

காலை ஐந்தே முக்கால். முதல் ஷிப்ட்.
எஸ்டேட் செம்மண் பாதை தார்ச்சாலையில் ஏறுமிடத்தில்
லோரிகள் சிந்திவிட்டுப் போன செம்பனைப் பழங்கள்
மழையில் நசுங்கி எண்ணெய் விட்டுக் கிடக்கும்.
அங்கே பிரேக் பிடிக்கக் கூடாது.
முனியாண்டி கோயில் வளைவிலேயே
பிடித்து முடித்திருக்க வேண்டும்.

ஒருநாள் லோரியிலிருந்து ஒரு குலை,
இருபது கிலோவாவது இருக்கும்,
எனக்கு முன்னால் விழுந்து
ஒருமுறை துள்ளி, ஓரமாய்ப் போய்ப் படுத்துக்கொண்டது.
லோரி போய்விட்டது.
அன்றிலிருந்து ஐந்து மரம் தள்ளித்தான் போகிறேன்.
சாலையோர மரங்களை எண்ணிக்கொண்டே.
அந்த ஐந்து மரத்துக்குள் ஒரு மைவி நுழையும்.
சரி, நுழை.
மறுபடி ஐந்து மரம். மறுபடி ஒரு மைவி.
கணக்குப் பார்த்தால்
நான் தொழிற்சாலையை நோக்கிப்
பின்னால்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை, பெட்ரோல் நிலையத்திலிருந்து ஒரு ஹைலக்ஸ்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கி
எதற்கோ சிரித்துக்கொண்டு ஒருவர்.
சக்கரம் அசைந்தது. நான் நின்றேன்.
அவர் சிரிப்பு என்னைக் கடந்து போனது.
அன்றிரவு அவர் நன்றாகத் தூங்கியிருப்பார்.
நானும் தூங்கினேன்.
நாங்கள் சந்திக்கவே இல்லை.

நடக்காத விபத்துக்கு யார் ரிப்போர்ட் எழுதுவார்கள்?
சொக்சோவில் அதற்குப் பாரம் கிடையாது.
கார்டில் மட்டும்
நான்கு நிமிடம் சிவப்பாக விழும்.
சூப்பர்வைசர் புஷ்பலீலா நிமிர்ந்து பார்ப்பாள்.
மழை என்பேன்.

இதையெல்லாம் பெரிதாய்ச் சொல்கிறேனே,
போன மாதச் சம்பள நாளையும் சொல்லிவிடுகிறேன்.
பீடோர் இரவுச் சந்தை முடிந்து திரும்பும்போது
ஹேண்டிலில் இரண்டு பக்கமும் பைகள்,
மண்டைக்குள் மகனின் காய்ச்சல், கிளினிக் பில்.
கிளைச்சாலையிலிருந்து பெரிய ரோட்டில்
அப்படியே ஏறிவிட்டேன்.
இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை.

டயர் அலறல் எல்லாம் இல்லை.
அதுதான் இன்னும் உறுத்துகிறது.
ஒரு பழைய சாகா
ஏற்கெனவே மெதுவாகி, ஏற்கெனவே நின்று,
நான் எப்போது திரும்பிப் பார்ப்பேன் என்று
காத்திருந்தது.
உள்ளே ஒரு மலாய்க்காரர். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளும்.
அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.
என் முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பை அறுந்து வெங்காயம் உருண்டது.
நான் பொறுக்கி முடிக்கும்வரை
அவசர விளக்கைப் போட்டு
பின்னால் வந்த லோரியையும்
நிறுத்தி வைத்திருந்தார்.