மிகைச் சுமை

நீம் நிலையம், மூன்றாம் நடைமேடை.
மலிவு வண்டிக்கு இன்னும் பதினெட்டு நிமிடம்.
ஐந்து நிமிடம் இருக்கும்போதே வாசலை அடைத்துவிடுவேன்.
அதற்காகத்தான் எனக்குச் சம்பளம்.

என் பக்கத்தில் ஓர் இரும்புக் கூண்டு.
கிளியும் இல்லை, கதவும் இல்லை.
ஐம்பத்தைந்து, முப்பத்தைந்து, இருபத்தைந்து.
அதில் அடங்கினால் பயணம்.
அடங்காவிட்டால் இருபது யூரோ.

அவள் கொண்டுவந்தது பெட்டி அல்ல,
அலமாரியிலிருந்து உருவிய
ஓர் இழுப்பறை.
பித்தளைப் பிடி முன்னால் நீட்டியிருக்க,
விளிம்பு வரை சூப் நிறைந்த தட்டைத்
தூக்கி வருபவள் போல
அடிமேல் அடி வைத்து வந்தாள்.
தோளில் ஒரு பையும்.

சீட்டை நீட்டினாள்.
நூலகத்தில் அச்செடுத்து எட்டாக மடித்த தாள்.
மடிப்பு விழுந்திருந்தது
சரியாக க்யூஆர் கட்டத்தின் நடு முதுகில்.
கருவி மூன்று முறை முகம் திருப்பிக்கொண்டது.
தாளை என் தொடையில் வைத்து நீவிக் கொடுத்தேன்.
நான்காம் முறை ஒரு 'பீப்'.

ஓதில் வஸ்ஸேர். பாரிஸ் வரை. பதினாறு யூரோ.
மாற்ற இயலாது, பணம் திரும்பாது.
"நானும் அப்படித்தான்" என்றாள்.

இது என்ன, என்றேன்.
"என் பங்கு.
மேலறை ரெஜிக்கு, நடுவறை திபோவுக்கு,
கீழறை எனக்கு."
மிச்ச அலமாரி?
"அதுவா? அதைப் பங்கு போட முடியவில்லை.
தெருவில் வைத்தோம்."

சண்டையா என்று நான் கேட்கவில்லை.
அதற்கு என் கருவியில் பொத்தான் கிடையாது.

ஆளுக்குப் பதினாறு, பலகைக்கு இருபது.
சுமைகூலி முக்கால் பணம் என்பது
என் வாசலில்தான் தினமும் நிரூபணமாகிறது.
"விதியை நான் எழுதவில்லை, மேடம்."
ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லும் வாக்கியம்,
இனிப்பு போன பின்னும் வாயில் கிடக்கும் சூயிங்கம்.

அவள் யோசித்தாள்.
தோள்பையைக் கழற்றி இழுப்பறைக்குள் வைத்தாள்.
"இப்போது ஒன்றுதானே?"
ஒன்றுதான். ஆனால் கூண்டுக்கு
நான்கு விரற்கடை நீளம்.

வரிசை முனக ஆரம்பித்தது.
மடக்கு சைக்கிளைக் குப்பைப் பையில் சுற்றிய மாணவன்.
ஜூன் மாதத்தில் ஆளுக்கு மூன்று கோட்டு போட்டு
வியர்வையில் ஊறி நிற்கும் தம்பதி.
உடுப்புக்கு அளவு கிடையாது;
ஊரறிந்த ஓட்டை அது.

ஓதில் அந்தக் கோட்டுகளைப் பார்த்தாள்.
பிறகு தன் சட்டைப்பைகளை.

குனிந்து உட்கார்ந்தாள்.
பூட்டைத் தொலைத்த ஏழு சாவிகள்,
பாதரசம் ஒழுகிப்போன வெப்பமானி,
பித்தான் டப்பா,
என்னவென்றே தெரியாத ஒரு கம்பிச் சுருள்,
எல்லாம் பைக்குப் பை இறங்கின.
காலணியைக் கழற்றினாள்.
குதியால் மூலையில் ஒரு தட்டு.

ஆணியே இல்லை அதில்.
விரலோடு விரல் கோத்த மாதிரி
பல்லோடு பல் கோத்த பலகைகள்.
எந்தத் தச்சன் கோத்தானோ,
இத்தனை காலம் கைவிடாதவை
இரண்டாம் தட்டில் கைவிட்டன.

நான்கு பக்கம், ஓர் அடிப்பலகை.
நீளமான இரண்டையும்
கூண்டின் மூலைக்கு மூலை சாய்த்தாள்.
மற்றவை, தோள்பை, பித்தளைப் பிடி,
எல்லாவற்றையும் இடுக்குகளில் செருகினாள்.

அடங்கியது.
தம்பதி கை தட்டினார்கள்,
கோட்டுக் கைகளுக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை.

"திரும்பக் கோக்க வருமா?" என்று மட்டும் கேட்டேன்.
"ரெஜிக்குத் தெரியும்" என்றாள்.
சற்றுப் பொறுத்து,
"கூப்பிட வேண்டும்."

கழுத்துத் துண்டால் பலகைகளைக் கட்டிக்கொண்டு
சாவிகள் கிலுங்க ஓடினாள்.
மிகைச் சுமை, என்று கருவி கேட்டது.
இல்லை, என்று அழுத்தினேன்.

கூண்டில் இன்னும் அந்துருண்டை வாசனை.
அடுத்தவன் மூக்கைச் சுருக்கினான்.
"உன் சைக்கிளை வை" என்றேன்.