மூன்று புள்ளி ஒன்று

சான்டா க்ரோச்சேயில் ஜனவரி விடிகாலை.
ஆர்னோ ஆறு மூடுபனிக்குள் எங்கோ ஓடுகிறது,
சத்தம் மட்டும் வருகிறது.
தோல் தொழிற்சாலையின் பின்புறம்
நான்காம் தொட்டியின் விளிம்பில் மண்டியிட்டுக்
கருவியை எழுப்புகிறேன்.

முதலில் புட்டியிலுள்ள, அளவு தெரிந்த உப்புநீர்:
பன்னிரண்டு புள்ளி எட்டு எட்டு மில்லிசீமென்ஸ்.
சரி, இன்றைக்கும் பொய் சொல்லவில்லை.
பிறகு காய்ச்சி வடித்த நீரில் மின்முனையைக் கழுவினால்
எண் சுழியத்தை ஒட்டிப் படுத்துவிடும்.
மாசற்ற நீர் மின்சாரத்தைக்
கைபிடித்து அழைத்துப் போவதில்லை.

இங்கே கைகளுக்குப் பஞ்சமில்லை.
மாட்டுத்தோலோடு வந்த உப்பு,
சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம், அமிலம்.
கருவிக்கு யார் பெயரும் தெரியாது.
இருட்டறைக்குள் எத்தனை பேர் என்று
இருமலை வைத்து எண்ணுவதுபோல் எண்ணும்.

திங்கள், பதினான்கு புள்ளி இரண்டு.
செவ்வாய், பதினான்கு.
இன்று புதன், ஆய்வாளர் வரும் நாள்:
மூன்று புள்ளி ஒன்று.

கம்பியை அசைத்தேன்.
மின்முனையைத் தட்டிக் குமிழி விரட்டினேன்.
தண்ணீர் ஆறு டிகிரி;
இருபத்தைந்துக்குத் திருத்தித்தான் காட்டுகிறது.
மறுபடியும்
மூன்று புள்ளி ஒன்று.

சுவரோரமாக ஒரு பச்சை ரப்பர் குழாய்
தொட்டிக்குள் தலையை விட்டு
நல்ல தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தது.
மறுமுனையில் லாமின்.
"முதலாளி சொன்னார்" என்றான்,
பாதி இத்தாலியனில், பாதி தோள்குலுக்கலில்.

உப்பு ஒரு கிராம்கூடக் குறையவில்லை, லாமின்.
அதே கூட்டத்தைப்
பெரிய மைதானத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள்.
கவோலாக்கின் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு
நான் சொல்லியா தெரியவேண்டும்.

கையுறையைக் கழற்றி என் குவளையில் கவிழ்த்தான்.
விரல் நுனிகளில் தேங்கிய வியர்வை, அரை மடக்கு.
"இதையும் பாருங்கள், சின்யோரா."
ஏழு புள்ளி எட்டு.
தொட்டியை ஜெயித்துவிட்டாய் என்றேன்.
சிரித்தான். வெடித்த விரல்களை
ஒவ்வொன்றாக மறுபடி உறைக்குள் செலுத்தினான்.

படிவத்தில் நேரம் உண்டு, வெப்பநிலை உண்டு,
தொட்டி எண், கையொப்பம்.
யார் இட்ட உப்பு என்று கேட்கும் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற ஒரு வரி இருக்கிறது;
பத்து வருடமாக அதில்
'ஒன்றுமில்லை' என்றுதான் எழுதியிருக்கிறேன்.

குழாயை நானே போய்த் திருகி மூடினேன்.
அவன் கை அதில் பட வேண்டாம்.
அலுவலக ஜன்னலில் விளக்கு எரிந்தது.
திரும்பி வந்து மண்டியிட்டேன்.

மூன்று புள்ளி நான்கு.
வாசலில் ஒரு கார் நிற்கிறது, கதவு சாத்தும் ஒலி.
மூன்று புள்ளி ஒன்பது.
மெதுவாக வாருங்கள், ஐயா,
வழியில் சறுக்கும்.