பி-நான்கில் ஒரு வெள்ளைக் கோடு

பெயர் கேட்டது. மரகதவல்லி சின்னையா.
பிறந்த ஆண்டு கேட்டது. கீழே, கீழே, இன்னும் கீழே
விரலால் உருட்டிப் போய் எழுபத்தைந்தில் நிறுத்தினேன்.
கல்வித் தகுதி கேட்டது.
பட்டியலில் முனைவர் இருந்தார், முதுகலை இருந்தது,
படிவம் மூன்று இல்லை.
கடைசியில் 'மற்றவை' என்று ஓர் ஒற்றை அறை.
அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டேன்.
பணம் மட்டும் கேட்கவில்லை.
அதனால் இரண்டு நாள் சந்தேகப்பட்டேன்.

ஜாலான் ஈப்போ, பேரங்காடிக்கு அடியில்
நான்காம் கீழ்த்தளம். என் கண்ணாடிக் கூண்டு.
டிக்கெட்டை விழுங்க இயந்திரம் வந்தாயிற்று.
தொலைத்தவர்களிடம் திட்டு வாங்க நான்.
தொலைத்தால் முப்பது வெள்ளி.
இங்கே சிக்னல் எட்டாது.
ஷிப்டுக்கு முன் மேலே டோனட் கடை வாசலில் நின்று
நாளுக்கு இரண்டு பாடம் இறக்கி
மடியில் முடிந்துகொண்டு வருவேன்.

முதலில் கணக்குப்பதிவு. பன்னிரண்டு விழுக்காடு.
அப்புறம் ஸ்பானிய மொழி. வணக்கம், நன்றி,
'என் மாமா ஒரு மருத்துவர்'. அதோடு சரி.
நரம்பு மண்டலம் எடுத்தேன், அன்றிரவே
இடது கை மரத்ததுபோல் இருந்தது. விட்டேன்.
நிலவியலுக்கு ஏன் போனேன், தெரியாது.
படத்தில் ஒரு கல் இருந்தது,
குவே லாப்பிஸ் மாதிரி அடுக்கடுக்காக.

பேராசிரியர் ஆங்கிலத்தில் ஓடுகிறார்.
முக்கால் வேகத்தில் வைத்தால்
குடித்தவர்போல் இழுக்கிறார், ஆனால் புரிகிறது.
'செடிமெண்டரி' என்றார். ஒரு வாரம் செடியைத் தேடினேன்.
அகராதியில் படிவுப் பாறை.
படிவம் மூன்றோடு நின்றவளுக்கு
ஓர் எழுத்தைப் பிடுங்கிக்கொண்டு
படிவு.

மூன்றாம் வாரம் சுண்ணாம்புக்கல்.
கோலாலம்பூருக்குக் கீழே கிடப்பதும் அதுவென்று
நானாகத் தேடிப் படித்தேன். நாற்பது கோடி ஆண்டு,
கடலடியில் செத்த உயிர்களின் ஓடு.
பத்துமலையும் அதே கல்தானாம்.
பதினேழு வயதில் பால்குடத்தோடு ஏறியபோது
கால் வலித்தது.
கடல் என்று யாரும் சொல்லவில்லை.

எச்-தூணுக்கு எதிர்ச்சுவரில்
வெள்ளையாய் ஒரு கோடு வடிந்து உறைந்திருக்கும்.
பெயிண்ட் என்பார் காவலாளி லோகேந்திரா.
குகை வளர்கிறது என்றேன்,
எஞ்சினியர் மாதிரி விரல் நீட்டி.
அவர் கொஞ்சம் விலகி நின்றார்.
ஐந்தாம் வாரம் இன்னொன்று:
அவருடைய நேபாளத்தில் ஆக உயர்ந்த சிகரம்,
அதன் உச்சிக் கல்லும் ஒருகாலத்தில் கடலடி.
கூண்டைத் திறந்து போட்டுவிட்டு ஓடினேன் சொல்ல.
பொய் சொல்லாதே அக்கா என்றார்.
பிறகு பசியாறும்போது
வீட்டுக்குப் போன் போட்டு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆறாம் வாரத்தில் ஒரே ஒரு வரி:
காங்கிரீட்டில் நீர் கசிந்தாலும் இப்படித்தான் வெள்ளை வடியும்.
சிமெண்டின் சுண்ணாம்பு. குகை இல்லை.
லோகேந்திராவிடம் இன்னும் சொல்லவில்லை.
சிமெண்ட் எதில் செய்கிறார்கள் என்று பார்த்தேன்.
ஏதோ ஒரு சுண்ணாம்பு மலையை உடைத்து.
அப்படியென்றால் எனக்குப் பாதி மதிப்பெண் தரலாம்.

தேர்வில் பத்துக்கு ஏழு.
சான்றிதழ் வேண்டுமா, இருநூற்றுப் பத்து வெள்ளி.
ஏழு பேர் டிக்கெட் தொலைக்க வேண்டும்,
தொலைத்தாலும் அது என் பணமில்லை.
'பிறகு' என்பதை அழுத்தினேன்.
இதை வைத்து என்ன வேலைம்மா கிடைக்கும் என்றான் மகன்.
வேலை இருக்கிறதே என்றேன்.

நேற்று இரவு ஒருவர்,
டிக்கெட்டைக் காணோம், சட்டைப்பை, கால்சட்டைப்பை,
நாயே பேயே என்று யாரையோ,
அப்படியே சோர்ந்து அந்தச் சுவரில் சாய்ந்தார்.
சார், சாயாதீர்கள்,
கடல் ஒட்டிக்கொள்ளும்
என்று சொல்ல வந்து
சுண்ணாம்பு என்றேன்.