அக்கட்டால

லைன் வீட்டு அடுப்படியில்
ஒரு நாளைக்கு எத்தனை தடவை
'அக்கட்டால' சொல்கிறோம் என்று
ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்தேன்.
வெடியால, காப்பித்தண்ணி கொதிப்பதற்குள் ஒன்பது.
மத்தியானம் கணக்கு விட்டுப்போயிற்று.
சோறு வடிக்கும்போது எவள் எண்ணுவாள்.

டேப் வைத்தேன். இரண்டடி இரண்டு இஞ்சு.
அளப்பதுதான் எனக்குத் தொழில்,
பனியன் கம்பெனியில் பதினாலு வருசமாக
நெஞ்சகலம், தோளகலம், கைநீளம்.
அரை இஞ்சு கூடக்குறைய இருந்தால் விடுவோம்,
அதற்கு மேல் போனால் பீஸ் ரிஜெக்ட்.
அந்த அடுப்படியை
எந்த பையரும் எடுத்திருக்க மாட்டான்.

குனிந்து அரிசி ட்ரம்மைத் திறந்தால்
பின்னால் அவர் நின்றுவிடுவார்,
ரயில்வே கேட்டில் நிற்கிற டவுன் பஸ் மாதிரி.
குக்கரோடு நான் திரும்பினால்
தர்ஷினி சுவரோடு பல்லியாகிவிடுவாள்.
அவள் முழங்கையில் இருக்கும் வெள்ளைத் தழும்பு,
ரசம்.

ஊத்துக்குளி தாண்டி மூணேகால் சென்ட்.
குருநாதன் மேஸ்திரி சுண்ணாம்புப் பொடி தூவி
ஹாலுங்க, ரூமுங்க, சமையக்கட்டுங்க என்று
கோடு கோடாகப் போட்டுக்கொண்டே போனார்.
மேடைக்கும் மேடைக்கும் நடுவே
பூபதி இன்ஜினியர் காகிதத்தில் இரண்டரை அடி.
"எல்லா வீட்டுக்கும் அதானுங்க போடறது."

செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டுக்குள் போனேன்.
வராத பிரிட்ஜின் கதவைத் திறந்தேன்,
கட்டாத மேடையில் முட்டி நின்றது.
"ஏனுங், இங்க குனியுங்க.
கீழ் டப்பாவுல பருப்பு எடுக்கறீங்க."
அவர் மண்ணிலிருந்து பருப்பு எடுத்தார்.
பாண்டுச் சட்டியைச் சோத்துக் குண்டாவாகப் பிடித்து
அவர் முதுகைத் தாண்டப் பார்த்தேன்.
கல் சுமந்து வந்த வசந்தாமணி நின்று சிரித்தாள்:
"அக்கா, அண்ணன் மேல கஞ்சிய ஊத்திப்போட்டீங்க."

மூணேமுக்கால் வேணும் என்றேன்.
"ஹால்ல ஒண்ணேகால் அடி போயிருமுங்க."
போகட்டும்.
"சோபா அடங்காதுங்க."
சோபாவில் உட்கார நேரம் கிடைக்கிற ஆளை
முதலில் எங்கள் வீட்டில் கண்டுபிடிங்க என்றேன்.

இவர் வாயே திறக்கவில்லை.
பொழுதோட திரும்பும்போது
வண்டியில், காற்றில் பாதி சிதறி,
"அத்தன அகலம் இருந்தா
ஒருத்தர் மேல ஒருத்தர் படவே மாட்டமே" என்றார்.

கூலிபாளையம் தாண்டுகிறவரை
அதைத்தான் அளந்துகொண்டு வந்தேன்.
அவருக்கு நைட் ஷிப்ட், எனக்குப் பகல்.
ஒரு வாரம் முழுக்க
எங்கள் தோள்கள் பார்த்துக்கொள்கிற இடம்
அந்தச் சந்து ஒன்றுதான்.
இதற்கு எந்த அட்டையிலும் அளவு போட்டுத் தருவதில்லை.

மறுநாள் போனால்
ராத்திரி ஆனிக் காற்று அடித்த அடியில்
கோடு ஒன்றையும் காணோம்.
ஹால், ரூம், சமையக்கட்டு, பக்கத்துக்காரர் சோளக்காடு
எல்லாம் ஒரே இடமாகக் கிடந்தது.
பொடிச் சட்டியோடு குந்தியிருந்த மேஸ்திரி கேட்டார்:
"எத்தனைங்க அம்மிணி?"

மூன்றரை.

கால் அடியை எதற்கு விட்டேன் என்று
பூபதிக்கு நான் சொல்லவில்லை.
இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு
கம்பிக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்,
எண்ணினதையே மறுபடியும்.

குடி வந்து எட்டு மாசம்.
பிரிட்ஜ் திறந்திருக்கும்போதே ஆள் போகலாம்.
தர்ஷினி தோசைத்தட்டோடு
ஒரு சுற்றுச் சுற்றிக்காட்டினாள்.
என் தம்பி வாங்கித் தந்த சோபா
போர்ட்டிகோவில் பெட்ஷீட் போர்த்திக் கிடக்கிறது.

ஷிப்ட் முடிந்து வருகிறவர்
தம்ளர் கழுவ வருகிறார்.
என் பின்னால், காதருகே,
"அக்கட்டால."

அவருக்குப் பின்னால் தாராளமாக இடம் கிடக்கிறது.
நான் நகர்வதில்லை.